மொட்டை மாடி பொதுவானது, மின் இணைப்பு பொதுவானதல்ல

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். இரண்டு பிளாக், வாகனம் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்துக்கு மேல் நான்கு தளம், மொத்தம் 64 வீடுகள். கட்டி 11 ஆண்டு ஆகிறது. பொது உபயோகத்துக்குப் பிளாக்குக்கு ஒன்றாக இரண்டு மும்முனை இணைப்புகள். முதல் பிளாக்கின் இணைப்பில் போர்வெல் மோட்டார்களும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு சுமார் 3,800 யூனிட், இரண்டாவதில் 2,600 யூனிட் வருகிறது. ஒரு சோலார் நிறுவனம் 40 கிலோவாட்டுக்கு 22 லட்ச ரூபாய் கொட்டேஷன் தந்து, ‘64 வீட்டுக்கும் பில் பூஜ்யம்’ என்று சொல்லியிருக்கிறது. இன்னொரு நிறுவனம் ஒரு பைசா முதலீடு வேண்டாம், 20 ஆண்டுக்கு யூனிட் ஐந்தரை ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறது. 40 வீட்டுக்காரர்கள் பணம் போடத் தயார், மற்றவர்கள் தயங்குகிறார்கள். கடைசித் தளத்தில் இருப்பவர்கள் மாடியில் துளை போட்டால் ஒழுகும் என்று எதிர்க்கிறார்கள். ‘டெல்லியில் ஒரே பிளாண்டை வீடுவாரியாகப் பிரித்துக் கொள்கிறார்களாமே, நாமும் செய்யலாமா? கரண்ட் போனால் லிப்ட் ஓடுமா? சங்கத்தின் சேமநிதியான 14 லட்ச ரூபாய் கார்பஸை எடுக்கலாமா?’ இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள செயலாளருக்கு,

உங்கள் குடியிருப்புக்கு சோலார் லாபம்தான். ஆனால் நிறுவனம் சொன்ன அளவிலும் இல்லை, சொன்ன விதத்திலும் இல்லை. வீட்டு பில்லை மறந்துவிட்டு, பொது இணைப்பின் பில்லை மட்டும் குறையுங்கள். அந்த மிச்சம் பராமரிப்புக் கட்டணத்தின் வழியாக 64 வீட்டுக்கும் தானாகப் போய்ச் சேரும்.

மாடி எல்லோருக்கும் பொதுவானது என்பதால் அங்கே விளையும் மின்சாரத்தையும் கம்பி இழுத்து எல்லா வீட்டுக்கும் பிரித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. மின்வாரியத்தின் கண்ணில் உங்கள் கட்டடத்தில் இருப்பது 64 வீட்டு இணைப்புகளும் இரண்டு பொது இணைப்புகளும். ஒவ்வொன்றும் தனித்தனி நுகர்வோர். ஒரு இணைப்பில் சேரும் மின்சாரத்தை இன்னொரு இணைப்புக்குக் கொடுப்பது விதிமீறல். பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின் கீழ் இரண்டு மடங்கு கட்டணத்தில் மதிப்பீடு செய்வார்கள். உங்கள் இரண்டு பொது இணைப்புகளுக்கு இடையிலும் இதே விதிதான். ஆகவே உங்களுக்குத் தேவை ஒரு 40 கிலோவாட் பிளாண்ட் அல்ல. பிளாக்குக்கு ஒன்றாக, தனித்தனி இன்வெர்ட்டரும் மீட்டரும் கொண்ட இரண்டு சிறிய பிளாண்டுகள்.

டெல்லியில் நடப்பது வேறு ஏற்பாடு. அங்கே மின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, பிளாண்ட் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்குக் கொடுக்கும் யூனிட்டுகளை மின் நிறுவனமே முன்பே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பங்குதாரர்களின் பில்லில் கழித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வீடு கம்பி போவதில்லை, கணக்கில்தான் பிரிவினை. அப்படி ஒன்று உங்கள் சர்வீஸ் எண்களுக்குப் பொருந்தும் என்று யாராவது சொன்னால், மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி 22 லட்சம் போட வேண்டாம்.

வீட்டுக்கு வீடு தனி பிளாண்ட் போடுவதும் உங்கள் கட்டடத்தில் நடக்காது. வீட்டுக்கு 2 கிலோவாட் என்றாலே சுமார் 200 சதுர அடி வேண்டும். 64 வீட்டுக்கு 12,800. உங்கள் இரண்டு மாடியும் சேர்ந்து 15,000 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, படிக்கட்டு அறை, அவற்றின் நிழல், நடக்க வழி எல்லாம் கழித்தால் பாதி மிஞ்சினால் பெரிது. செலவுக் கணக்கும் ஒத்துவராது. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் 400 யூனிட் வரை ஐந்து ரூபாய்க்கும் கீழே கட்டும் வீட்டுக்கு சோலார் மிச்சப்படுத்தித் தருவது சொற்பம். பொது இணைப்புக்கோ 2022 செப்டம்பரில் யூனிட் 8 ரூபாய் ஆனது, 2024 ஜூலைத் திருத்தத்தில் 8.55. விலை எங்கே அதிகமோ அங்கே பேனலை மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

40 கிலோவாட் ஏன் வேண்டாம்

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 40 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 58,000 யூனிட்டுக்கு மேல். உங்கள் இரண்டு இணைப்பின் மொத்தச் செலவே ஆண்டுக்கு 38,400 யூனிட்தான். மிச்சம் 20,000 யூனிட்டை வாரியத்துக்குத் தள்ளிவிட்டு அதற்கு என்ன கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டும். வெளியே போகும் யூனிட்டின் மதிப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைக்கு ஆணை மாறக்கூடியது. உள்ளேயே செலவாகும் யூனிட்டின் மதிப்பில் அந்தச் சந்தேகம் இல்லை, அது நீங்கள் கட்டாமல் தப்பித்த கட்டணம், 2024 விலையில் 8.55 ரூபாய். ஆகவே பகலில் எவ்வளவு எரிகிறதோ அதற்கு ஏற்பத்தான் பிளாண்டின் அளவு இருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க எந்த நிறுவனமும் தேவையில்லை. வாட்ச்மேனிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். இரண்டு வாரம், தினமும் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இரண்டு பொது மீட்டரின் ரீடிங்கையும் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடக் கூடாது. முதல் பிளாக்கில் நாளுக்கு சுமார் 63 யூனிட் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் புளோயர் பகலிலும் ஓடுவதாலும், போர்வெல் மோட்டாரை விடியற்காலையிலிருந்து காலை 10 முதல் 2 மணிக்கு மாற்றிவிடலாம் என்பதாலும் அங்கே 13 கிலோவாட் தாங்கும். இரண்டாவது பிளாக்கில் 43 யூனிட். பெரும்பாலும் லிப்டும் ஸ்டில்ட் விளக்கும், அதாவது மாலையும் இரவும். அங்கே 5 கிலோவாட்டுக்கு மேல் போகாதீர்கள். 540 வாட் பேனல் என்றால் 24-ம் 9-ம், ஆக 33. உங்கள் நோட்டு வேறு கணக்குச் சொன்னால் நோட்டை நம்புங்கள், என்னை அல்ல. இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் பிளாண்ட் போட முடியாது என்பதையும் பில்லைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பணக் கணக்கு

உயர்த்திய இரும்புச் சட்டத்தோடும், உள்நாட்டில் தயாரான செல் கொண்ட பேனலோடும் கிலோவாட்டுக்கு வரி உட்பட 60,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். 18 கிலோவாட்டுக்கு 10.80 லட்சம். கொட்டேஷனில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்துப் போடுவதால் மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9 ஆகியிருக்கிறது. பழைய வரியில் கணக்குப் போட்ட கொட்டேஷனாக இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட், மொத்தம் 500 கிலோவாட் என்பது வரம்பு. உங்களுக்கு அது இடிக்காது. மானியம் 3.24 லட்சம் போக நிகரச் செலவு 7.56 லட்சம். விளம்பரத்தில் பார்க்கும் 78,000 ரூபாய் தனி வீட்டு இணைப்புக்கு. அதை 64-ஆல் பெருக்கிப் பார்க்காதீர்கள். இன்னொன்று, மானியம் பிளாண்ட் ஓட ஆரம்பித்த பிறகே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழுப் பணமும் கையில் இருக்க வேண்டும்.

வரவு எவ்வளவு? தூசி, நிழல், மின்தடை, மழைக்காலம் எல்லாம் போக ஆண்டுக்கு 24,000 யூனிட். அதில் 85 சதவீதம் உள்ளேயே செலவானால் 20,400 யூனிட், 1.74 லட்சம் ரூபாய். வெளியே போகும் யூனிட்டைப் பூஜ்யமாக வைத்திருக்கிறேன், வந்தால் போனஸ். துடைக்க மாதம் 2,000, காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 6,000, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்ற ஆண்டுக்கு 14,000 ஒதுக்கினால் நிகரம் 1.30 லட்சம். போட்ட பணம் ஆறு ஆண்டில் திரும்பும். மின்வாரியத்தின் கம்பி வலையோடு இணைந்திருப்பதற்காக சோலார் யூனிட்டுக்கு வாங்கும் நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்றாலே ஆறு ஆண்டு ஏழாகிவிடும். மின்பளுவுக்குக் கட்டும் நிலைக் கட்டணம் பேனல் போட்டாலும் குறையாது.

1.30 லட்சத்தை 64 வீட்டுக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் வீட்டுக்கு மாதம் 170 ரூபாய். பொதுக்குழுவில் இந்த எண்ணை முதலில் சொல்லிவிடுங்கள். ‘பூஜ்யம் பில்’ என்று கேள்விப்பட்டு வந்தவர்களின் முகம் கொஞ்சம் வாடும். ஆனால் ஓராண்டு கழித்து உங்கள் சட்டையைப் பிடிக்க மாட்டார்கள்.

தயங்கும் 24 வீடுகள்

எல்லோரிடமும் கட்டாயமாக வசூலிப்பதற்குச் சங்க விதி இடம் கொடுத்தாலும், வெளிநாட்டில் இருப்பவர், வாடகைக்கு விட்டிருப்பவர், அடுத்த ஆண்டு விற்கப்போகிறவர் என்று ஒவ்வொருவரும் இழுப்பார்கள். தயாராக இருக்கும் 40 பேருக்கு மட்டும் பலன் என்று பேனலைப் பங்கு போடுவதும் தவறு. பொது மாடியில் தனியார் சொத்து முளைத்துவிடும், பிறகு அதை அகற்றவே முடியாது. பேனல் முழுவதும் சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். அந்த 40 வீடுகள் தலா 18,750 ரூபாயைச் சங்கத்துக்குக் கடனாகத் தரட்டும், மொத்தம் 7.50 லட்சம். 6 சதவீத வட்டியோடு ஒவ்வொரு ஆண்டின் மிச்சத்திலிருந்தும் திருப்பிக் கொடுத்தால் ஏழு ஆண்டு சொச்சத்தில் கடன் தீரும். அதுவரை பராமரிப்புக் கட்டணம் குறையாது, அதன் பிறகுதான் அந்த மாதம் 170 ரூபாய்க் குறைப்பு 64 வீட்டுக்கும் என்பதையும் பொதுக்குழுவில் சொல்லிவிடுங்கள். பணம் போடாதவருக்கு நஷ்டம் இல்லை, போட்டவருக்கும் வட்டி கிடைத்துவிட்டது.

கார்பஸிலிருந்து 3.30 லட்சத்தை மட்டும், மானியம் வரும்வரை கைமாற்றாக எடுங்கள். முழுவதும் எடுக்காதீர்கள். 11 வயதுக் கட்டடத்துக்கு லிப்ட் கயிறும் வெளிப்பூச்சும் அடுத்த செலவாகக் காத்திருக்கின்றன. உறுப்பினர் அல்லாதவரிடம் வட்டி சொல்லிப் பணம் வாங்குவது கூடவே கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

மாடியும் ஒழுகலும்

கடைசித் தளத்தாரின் பயம் நியாயமானது. அவர்களைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள், அவர்கள் கேட்பதைச் செய்யுங்கள். மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை பாக்கி இருந்தால் பேனலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பின்னால் செய்தால் 33 பேனலையும் கழற்றி மாட்டும் கூலி தனி.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கால்களை ஓட்டுத் தளத்தின் மேல் அப்படியே போல்ட் போட்டு நிறுத்துவதுதான் பல இடங்களில் நடக்கிற தவறு. போல்ட் பிடித்திருப்பது ஓட்டையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கலவையையும்தான், கான்கிரீட்டை அல்ல. சரியான முறையில் ஓட்டைக் கொத்தியெடுத்து, கான்கிரீட் தளத்தில் ரசாயனப் பசையோடு கம்பி நட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பீடம் வார்த்து, பீடமும் தளமும் சேரும் மூலையில் வளைவாகப் பூசி, மீண்டும் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பார்கள். பீடங்கள் முடிந்தவரை தூணும் உத்தரமும் வரும் கோட்டில் அமையட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். முன்பே தேக்கிப் பார்ப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. பழைய ஒழுகல் எது, புதிய ஒழுகல் எது என்ற சண்டை வராது.

பேனலின் எடை உங்கள் தளத்துக்குப் பாரமே இல்லை. காற்று அதைத் தூக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. சென்னைக்கு இந்தியத் தரநிலையில் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பரில் வர்தாவைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வேகத்துக்குக் கணக்கிட்ட வரைபடத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். துணி உலர்த்தவும் வடாம் காயப்போடவும் இடம் வேண்டும் என்று எட்டடி உயரச் சட்டம் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் உயரம் கூடக்கூட இரும்பும் செலவும் கூடும். 22 லட்சக் கொட்டேஷனில் சட்டத்தின் உயரம் குறிப்பிடவே இல்லை என்கிறீர்கள். மலிவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

நிழல் விஷயத்தில் டிசம்பர் கடைசி வாரம்தான் பரீட்சை. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே பேனல் வரக் கூடாது. தொட்டியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது விடுங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் அந்தப் பேனலோடு நிற்காமல், ஒரே வரிசையில் தொடுத்த மற்றவற்றின் விளைச்சலையும் இழுத்துவிடலாம்.

கரண்ட் போனால்

லிப்ட் ஓடாது. பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர் கிரிட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, குறைபாடு அல்ல. லிப்டுக்காக மட்டும் பேட்டரி வாங்குவது வீண். பக்கத்துத் தளத்துக்கு இறக்கிவிடும் ஏ.ஆர்.டி. கருவி லிப்டில் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். உங்களிடம் ஜெனரேட்டரும் இருக்கிறது.

ஜெனரேட்டர் இருப்பதால்தான் இந்த எச்சரிக்கை. சோலார் கேபிளை, வாரிய மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குப் பிறகு, மின்சாரம் செலவாகும் லோடு பக்கம் இணைத்துவிட்டால், ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் அதையே கிரிட் என்று நினைத்துச் சேர்ந்துகொள்ளும். மதியம் லிப்ட் நின்று லோடு குறைந்த நேரத்தில் மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும், ஆல்டர்னேட்டர் கெடும். சேஞ்ச்ஓவருக்கு முன்னால், மின்வாரியப் பக்கத்தில் இணைக்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். பேனல் பக்கத்துக்கும், ஏசி பக்கத்துக்கும், இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த்பிட். கேபிள் முனைகளில் இரண்டு கம்பெனி கனெக்டர்களைக் கலந்து மாட்டுவதையும் தடைசெய்யுங்கள். மாடியில் தீப்பிடிக்கக் காரணமாவது பெரும்பாலும் பேனல் அல்ல, சரியாகப் பொருந்தாமல் சூடேறும் அந்த மூட்டுதான்.

துடைப்பது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலை 8 மணிக்குள். நடு மதியச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரிசல் விடலாம். புறநகர் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். மழைநீரோ லாரித் தண்ணீரோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் ரப்பர் பட்டையால் உடனே வழித்துவிட வேண்டும்.

முதலீடில்லாத் திட்டம்

யூனிட் 5.50 என்றால் 8.55 ரூபாய் விலையில் 3.05 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 62,000, வீட்டுக்கு மாதம் 80 ரூபாய். உங்களிடம் பணம் இல்லையென்றால் பரவாயில்லை என்பேன், உங்களிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதினாறாம் ஆண்டில் அந்த 5.50, இந்த 8.55-ஐத் தொட்டுவிடும். பயன்படுத்தாத யூனிட்டுக்கும் பணம் கேட்கும் பிரிவு, மாடி வேலைக்குப் பேனலைக் கழற்றினால் நஷ்டஈடு கேட்கும் பிரிவு, ஒப்பந்தத்தை நடுவில் முடித்துப் பிளாண்டை நீங்களே வாங்குவதற்கான விலை ஆகிய மூன்றையும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் பொது இணைப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பல குடியிருப்புகளில் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கும். சங்கத்தின் பெயருக்கு மாற்றாமல் சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்தால் சங்கத்தின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் பொருந்தாமல் மானியம் சிக்கிக்கொள்ளும். அதோடு, விற்பனைப் பத்திரங்களில் யாருக்காவது மாடியில் தனி உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மாடி எல்லோருடைய பிரிபடாப் பங்கிலும் சேர்ந்தது, தனி ஒருவர் மறுப்பதற்கில்லை. பிறகு பொதுக்குழுத் தீர்மானம், மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஒப்புதல், அதன் பிறகே முன்பணம்.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம். பேனல் வரிசை எண்களோடு உள்நாட்டுத் தயாரிப்புச் சான்றும் வந்து இறங்கியதும் 50. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டி ஓட ஆரம்பித்ததும் 30. மீதி 10 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு, ஒழுகவில்லை என்று கடைசித் தளத்தார் கையெழுத்திட்டதும் கொடுங்கள்.

வீட்டை விற்றால் கொடுத்த கடன் என்ன ஆகும் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கடனை ஆளின் பெயரில் அல்லாமல் வீட்டு எண்ணின் பெயரில் பதிவு செய்யுங்கள். சங்கம் தரும் பாக்கியில்லாச் சான்றில் ‘சோலார் கடனில் இவ்வளவு ரூபாய் இந்த வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், விற்பவர் அந்தத் தொகையை விலையோடு சேர்த்து வாங்குபவரிடமே பெற்றுக்கொள்வார்.